சுக்கானை உடைக்கும் ஓர்காக்கள்: நடுக்கடலில் மாட்டிக்கிட்டா படகை நிறுத்தணுமா, ஓட்டணுமா? அறிவுரை தலைகீழாக மாறியது ஏன்?

2024 மே 12, காலை சுமார் 9 மணி. ஜிப்ரால்டர் ஜலசந்தியின் மேற்கு வாசல். மொராக்கோவின் ஸ்பார்டெல் முனையில் இருந்து சுமார் 14 கடல் மைல் தொலைவில் 'அல்போரான் காக்னாக்' என்ற 15 மீட்டர் நீளப் பாய்மரப் படகு போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது இரண்டே பேர். திடீரென படகின் அடிப்பகுதியில் ஒரு மோதல். அடுத்து சுக்கானில் ஒரு மோதல். கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் ஏறத் தொடங்கியது.

அவசர அழைப்பு ஸ்பெயின் கடல்சார் மீட்புப் படைக்குப் போனது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஒரு எண்ணெய்க் கப்பல் திருப்பிவிடப்பட்டது. சுமார் ஒரு மணி நேரத்தில் இருவரையும் மீட்டு ஜிப்ரால்டரில் கொண்டுபோய் விட்டது. படகு? அது மூழ்கிவிட்டது.

தாக்கியது கடல் கொள்ளையர் இல்லை. ஓர்காக்கள். 'கொலைகாரத் திமிங்கலம்' என்று சொல்லப்பட்டாலும், உண்மையில் டால்பின் குடும்பத்தின் மிகப்பெரிய உறுப்பினர். 2020-ல் தொடங்கிய இந்த விவகாரத்தில் மாலுமிகளின் கேள்வி ஒன்றுதான்: ஓர்கா வந்தால் என்ன செய்யணும்? அதற்கு அதிகாரிகள் ஆரம்பத்தில் சொன்ன பதிலும், ஸ்பெயின் அரசு 2024-ல் சொன்ன பதிலும் நேரெதிர். முதலில் 'படகை நிறுத்து' என்றார்கள். பிறகு 'நிறுத்தவே நிறுத்தாதே' என்றார்கள். இந்த யு-டர்ன் ஏன்?

எப்போது, எங்கே தொடங்கியது?

2020 மே மாதம். கொரோனா ஊரடங்கு தளர்ந்து படகுகள் மறுபடியும் கடலில் இறங்கிய நேரம். ஜிப்ரால்டர் ஜலசந்தியில் ஓர்காக்கள் பாய்மரப் படகுகளின் பின்பக்கம் வந்து சுக்கானை முட்டுவதாகத் தகவல் வரத் தொடங்கியது. அதே ஆண்டு கோடையின் கடைசியில் ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியா வரை பரவிவிட்டது. செப்டம்பரில் ஸ்பெயின் அரசு கலீசியா கடற்கரையின் ஒரு பகுதியில் 15 மீட்டருக்கு மேல் போகாத பாய்மரப் படகுகளுக்கு ஒரு வாரம் தடையே போட்டது. 2021 ஆகஸ்டில் தெற்கே டிரஃபால்கர் முனைக்கும் பார்பாத்தேவுக்கும் இடையே அதே மாதிரி இன்னொரு தடை.

ஸ்பெயின், போர்ச்சுகல் ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கிய 'அட்லாண்டிக் ஓர்கா பணிக்குழு' இந்தச் சம்பவங்களை எண்ணி வருகிறது. 2020-ல் 52. 2021-ல் 197. 2022-ல் 207. 2024 மே மாத வாக்கில் மொத்தக் கணக்கு 700-ஐ நெருங்கிவிட்டது. இதில் எல்லாமே சேதம் இல்லை. பல படகுகளில் ஓர்கா வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் ஐந்தில் ஒரு படகு என்ற அளவில், சொந்தமாக ஓட முடியாத நிலைக்குப் போய் இழுத்துவர வேண்டியிருந்தது.

மூழ்கியவை ஒரு சில. 2022-ல் போர்ச்சுகல் கடலில் இரண்டு. 2023 மே மாதம் பார்பாத்தே அருகே 'ஷாம்பெய்ன்' என்ற படகு. இரவில் மூன்று ஓர்காக்கள் சூழ்ந்தன, ஒன்று பெரியது, இரண்டு சிறியவை. கடலோரப் படையினர் இழுத்துவந்தும் துறைமுகத்துக்குள் நுழைவதற்கு முன்பே படகு கவிழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31-ல் போலந்து நாட்டுப் படகு 'கிராட்சியே மம்மா'. சுமார் 45 நிமிடம் சுக்கானை விடாமல் அடித்தன. டான்ஜியர் மெட் துறைமுகத்தின் வாசலை நெருங்கும்போது மூழ்கியது. 2025 செப்டம்பரில் லிஸ்பனுக்குத் தெற்கே கோஸ்டா டா கபரிகா கடற்கரைக்கு எதிரே ஒரு சுற்றுலாப் படகு. இதில் ஐந்து பேர் மீட்கப்பட்டார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இத்தனை சம்பவங்களிலும் ஓர்கா ஒரு மனிதரையும் கடித்ததாகவோ கொன்றதாகவோ பதிவு இல்லை. தண்ணீரில் தத்தளித்த, உயிர்காப்பு மிதவையில் ஏறிய எவரையும் அவை சீண்டவில்லை. அவற்றின் குறி சுக்கான். சுக்கான் மட்டும்தான்.

சுக்கான் மேல ஏன் இவ்வளவு குறி?

இதைப் புரிந்துகொண்டால்தான் என்ன செய்வது என்பதும் புரியும்.

இப்போதைய பாய்மரப் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு சுக்கான், பின்பகுதியின் அடியில் ஒரு பெரிய துடுப்பு மாதிரி தனியாகத் தொங்கும். ஒரு தடித்த தண்டு படகின் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து ஸ்டியரிங் சக்கரத்தோடு சேரும். இப்போது 5 முதல் 6 மீட்டர் நீளமுள்ள, டன் கணக்கில் எடையுள்ள ஒரு விலங்கு அந்தத் துடுப்பின் அடி நுனியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடப்பாரையை வைத்து நெம்புவது மாதிரிதான். நெம்புகோலின் முழு விசையும் தண்டு தரையைத் துளைக்கும் இடத்தில் போய் விழும்.

இரண்டில் ஒன்று நடக்கும். சுக்கான் துண்டாக உடைந்து விழுந்துவிட்டால் படகுக்குத் திசை இருக்காது, ஆனால் தண்ணீர் உள்ளே வராது. இது ஒரு வகையில் அதிர்ஷ்டம். சுக்கான் உடையாமல் தண்டைச் சுற்றியுள்ள தரை விரிசல் விட்டால் ஆபத்து. அந்த வழியாகத் தண்ணீர் ஏறும். மூழ்கிய படகுகள் பெரும்பாலும் இப்படித்தான் மூழ்கின. ஓர்கா படகை 'மூழ்கடிக்க' நினைத்தது என்பதைவிட, அது ஆட்டிய பொருள் தாங்காமல் போனது என்பதே பொருத்தம்.

சரி, ஏன் ஆட்டுகிறது? 2023-ல் உலகம் முழுக்க வைரலான கதை நினைவிருக்கும். 'ஒயிட் கிளாடிஸ்' என்ற பெண் ஓர்கா ஏதோ ஒரு படகில் அடிபட்டது, அதற்குப் பழிவாங்குகிறது, மற்ற ஓர்காக்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டது என்ற கதை. பணக்காரர்களின் சொகுசுப் படகுகளுக்கு எதிராக ஓர்காக்களின் புரட்சி என்று மீம்ஸ் பறந்தன. பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் கோடீஸ்வரர்களின் கப்பல்கள் இல்லை, சுமார் 12 மீட்டர் நீளமுள்ள சாதாரணக் குடும்பப் படகுகள் என்பது அந்த மீம்ஸில் வரவில்லை. ஒரு பெண் ஓர்காவுக்கு நேர்ந்த ஏதோ ஒரு அதிர்ச்சியான அனுபவம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் ஆல்ஃபிரெடோ லோபெஸ் ஒரு சாத்தியமாகச் சொன்னது உண்மை. ஆனால் அது பல ஊகங்களில் ஒன்று.

2023 ஆகஸ்டில் 30-க்கும் மேற்பட்ட திமிங்கல ஆய்வாளர்கள் ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள். மனிதர்களின் கோபத்தையும் பழியையும் விலங்கின் மேல் ஏற்றாதீர்கள் என்பதுதான் சாரம். 2024 பிப்ரவரியில் சர்வதேச திமிங்கல ஆணையத்தின் சார்பில் மாட்ரிடில் வல்லுநர்கள் கூடினார்கள். மே மாதம் வந்த அறிக்கையின் முடிவு: இது பெரும்பாலும் விளையாட்டு.

விளையாட்டா? கேட்க அபத்தமாக இருக்கலாம். ஆனால் ஓர்காக்களிடம் 'ஃபேஷன்' பரவுவது புதிதில்லை. 1987-ல் அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் பகுதியில் ஒரு பெண் ஓர்கா செத்த சால்மன் மீனைத் தலையில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. சில வாரங்களில் மற்ற கூட்டங்களுக்கும் அது பரவியது. பிறகு தானாக நின்றும் போனது. ஐபீரிய ஓர்காக்களின் பிரதான உணவு நீலத்துடுப்பு டூனா, அதாவது சூரை மீன் வகை. பல ஆண்டு மீன்பிடிக் கட்டுப்பாடுகளால் அந்த மீன் மறுபடியும் பெருகியிருக்கிறது. இரை தேடும் நேரம் குறைந்ததும் இளம் ஓர்காக்களுக்கு விளையாட நேரம் கிடைக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். தள்ளினால் திரும்பித் தள்ளும், பிடித்தால் அசையும் சுக்கான், அவற்றுக்குக் கிடைத்த சுவாரசியமான பொம்மை.

'நிறுத்து' என்றார்கள், ஏன்?

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மாலுமிகளுக்குக் கிடைத்த அறிவுரை இதுதான். பாயை இறக்கு. இன்ஜினை அணை. ஆட்டோ பைலட்டை அணை. ஸ்டியரிங்கில் இருந்து கையை எடு. சத்தம் போடாதே, எதையும் எறியாதே, ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்காதே. ரேடியோவில் உதவி கேட்டுவிட்டுப் பொறுமையாக இரு.

இதற்குள் ஒரு தர்க்கம் இருந்தது. விளையாட்டுப் பொருள் அசையாவிட்டால் குழந்தைக்குச் சலித்துவிடும் அல்லவா? அதேதான். ஓடும் படகில் சுக்கான் தண்ணீரை எதிர்த்து நிற்கும்; நின்ற படகில் அது தளர்ந்து தொங்கும், சுவாரசியம் போய்விடும் என்று நினைத்தார்கள். ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இன்னும் நேரடியானது. ஓர்கா கீழே சுக்கானைத் தள்ளும்போது மேலே சக்கரம் பேய் பிடித்த மாதிரி சுழலும். பிடித்திருந்தால் கை மணிக்கட்டு போய்விடும்.

நடந்தது என்ன? சில படகுகளில் இது வேலை செய்தது. நிறுத்தினார்கள், ஓர்காக்கள் போய்விட்டன. வேறு சில படகுகளில், நின்ற படகு ஆழ்கடலில் அப்படியே மிதக்க, ஓர்காக்கள் அரை மணி, முக்கால் மணி நேரம் சாவகாசமாகச் சுக்கானைப் பிரித்து மேய்ந்தன. படகுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். உடையும் சத்தத்தைக் கேட்டபடி சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

'நிறுத்தாதே' என்று மாறியது எப்படி?

ஜிப்ரால்டர் ஓர்காக்களை நீண்ட காலமாக ஆய்வு செய்துவரும் ஸ்பெயின் விஞ்ஞானி ரெனோ டி ஸ்டெஃபானிஸ் போன்றவர்கள் முன்வைத்த வாதம் வேறு. நிற்கும் படகு ஓர்காவுக்குச் சுலபமான பொருள். நகரும் படகின் சுக்கானை வாகாகப் பிடித்து நெம்புவது அதைவிடக் கடினம். அதோடு நகர்ந்தால்தான் அந்த இடத்தைவிட்டு வெளியேற முடியும்.

2024 மே மாதம், அல்போரான் காக்னாக் மூழ்கிய அதே மாதத்தில், ஸ்பெயின் அரசு தனது வழிகாட்டுதலை வெளியிட்டது. காடிஸ் வளைகுடாவுக்கும் ஜிப்ரால்டர் ஜலசந்திக்கும் இடைப்பட்ட கடலில் கரையை ஒட்டியே போங்கள். ஓர்காவைக் கண்டால் படகை நிறுத்தாதீர்கள். பாதுகாப்பு அனுமதிக்கும் அளவுக்கு ஆழம் குறைந்த கரைப்பக்கம் திருப்புங்கள். ஆட்கள் படகின் நடுவில் இருங்கள். விலங்குக்குக் காயம் ஏற்படுத்தும் எதையும் செய்யாதீர்கள். 112 எண்ணையோ, விஎச்எஃப் ரேடியோவின் 16-ம் சேனலையோ தொடர்புகொள்ளுங்கள்.

ஆனால் எல்லை தாண்டினால் கதை வேறு. போர்ச்சுகல் கடற்படை பல முறை வெளியிட்ட எச்சரிக்கைகளில், இன்ஜினை அணைத்து புரொப்பல்லரையும் சுக்கானையும் அசையாமல் வையுங்கள் என்றே இருந்தது. ஒரே ஓர்கா கூட்டம், ஒரே படகு, ஒரே பயணம். காலையில் போர்ச்சுகல் பக்கம் இருந்தால் ஒரு பதில், மறுநாள் ஸ்பெயின் பக்கம் வந்தால் இன்னொரு பதில். படகோட்டிகள் குழம்பியதில் ஆச்சரியமில்லை.

ஓடித் தப்பிக்க முடியுமா? முடியாது, ஆனாலும்...

'நிறுத்தாதே' என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இது ஓர்காவை வேகத்தில் ஜெயிக்கும் யோசனை இல்லை. இன்ஜினில் ஓடும் சாதாரணப் பாய்மரப் படகின் வேகம் 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். ஓர்கா தேவைப்பட்டால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும். போட்டிக்கே இடமில்லை. 2023 ஜூனில் உலகம் சுற்றும் 'ஓஷன் ரேஸ்' பந்தயப் படகுகளே ஜிப்ரால்டரை நெருங்கும்போது ஓர்காக்களிடம் மாட்டின.

இலக்கு வேகம் இல்லை, ஆழம். டூனாவைத் துரத்தும் ஓர்காக்கள் ஆழ்கடலில்தான் அதிகம் திரிகின்றன. 20 மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் சம்பவங்கள் மிகக் குறைவு. நம்மூர் மீனவர்கள் கணக்கில் சொன்னால் சுமார் 11 பாகம். அங்கே நூறு சதவீதம் பாதுகாப்பு என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் படகு மூழ்கினாலும் கரை பக்கத்தில் இருக்கும், மீட்புப் படகு சீக்கிரம் வரும்.

இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கரையில் இருந்து 14 கடல் மைல் தள்ளி ஓர்கா வந்துவிட்டது என்றால், 6 நாட் வேகத்தில் கரைப்பக்கம் வந்துசேர சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். சுக்கான் உடைய அவ்வளவு நேரம் தேவையில்லை. கரையில் இருந்து 2 மைல் தூரத்தில் போய்க்கொண்டிருந்தால் 20 நிமிடம் போதும். அப்படியானால் 'ஓர்கா வந்தால் என்ன செய்வது' என்ற கேள்விக்குப் பாதிப் பதில், துறைமுகத்தில் கயிறு அவிழ்ப்பதற்கு முன்பே, வரைபடத்தில் எந்தக் கோட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலேயே முடிந்துவிடுகிறது. நடுக்கடலில் எடுக்கும் முடிவு மீதிப் பாதிதான்.

கரையோரமும் பூப்பாதை இல்லை

'கரையை ஒட்டிப் போ' என்று சொல்வது சுலபம். கோனில், சஹாரா, பார்பாத்தே, தரீஃபா ஊர்களுக்கு எதிரே வசந்த காலத்தில் 'அல்மத்ராபா' என்ற பிரம்மாண்டமான டூனா வலைகள் நிற்கும். ஃபீனீசியர் காலத்தில் இருந்து வரும் மீன்பிடி முறை இது. கரையில் இருந்து மைல் கணக்கில் கடலுக்குள் நீளும் இந்த வலைகள் நங்கூரம் போட்டுக் கட்டப்பட்டவை. இரவில் அதில் மாட்டினால் புரொப்பல்லர் காலி. வேடிக்கை என்னவென்றால், ஓர்காவை இந்தப் பக்கம் இழுத்துவரும் அதே டூனாதான் இந்த வலைகளையும் இங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. ஓர்கா அதிகம் வரும் மாதமும் வலை நிற்கும் மாதமும் பெரும்பாலும் ஒன்றே.

போர்ச்சுகல் கரையில் வேறு தலைவலி. அட்லாண்டிக்கின் பெரிய அலைகள் ஆழம் குறைந்த இடத்தில் எழும்பி உடையும். மீனவர்களின் பொறிக்கூண்டுகளின் கயிறுகள் எங்கும் மிதக்கும். அலை பெரிதாக இருக்கும் நாளில் கரையை ஒட்டிப் போவது ஓர்காவைவிட ஆபத்தாக முடியலாம். அதனால்தான் ஸ்பெயின் வழிகாட்டுதலிலும் பாதுகாப்பு அனுமதிக்கும் அளவுக்கு என்ற நிபந்தனை இருக்கிறது. டான்ஜியர் பக்கம் மாதிரி கரைக்கு அருகிலேயே கடல் ஆழமாக இறங்கும் இடங்களில் இந்த உத்தி ஓரளவுக்குத்தான் உதவும்.

இன்னொரு வழி, காலத்தைத் தேர்ந்தெடுப்பது. டூனா முட்டையிட மத்தியதரைக் கடலுக்குள் நுழைவது வசந்தத்தின் கடைசியில். கோடையில் மறுபடி வெளியே வரும். ஓர்காக்களும் அதன் பின்னாலேயே ஜலசந்தியில் இருக்கும். பிறகு போர்ச்சுகல், கலீசியா என்று வடக்கே நகரும். ஓர்காக்கள் கடைசியாக எங்கே தென்பட்டன என்பதைக் காட்ட பணிக்குழுவின் 'ஜிடி ஓர்காஸ்' செயலி இருக்கிறது. ஸ்பெயின் அரசும் சில ஓர்காக்களுக்குச் செயற்கைக்கோள் டிரான்ஸ்மிட்டர் பொருத்தி வரைபடம் வெளியிடத் தொடங்கியது. கிளம்புவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் துறைமுகத்திலேயே காத்திருப்பவர்களும் உண்டு.

வந்தே விட்டது என்றால்?

கரை எட்டும் தூரத்தில் இருந்தால் பாயை இறக்கிவிட்டு இன்ஜினில் கரைப்பக்கம் திருப்ப வேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. படகை ஓட்ட ஸ்டியரிங்கைப் பிடிக்கணும். பிடித்தால் கை போகும் ஆபத்து. விரலைச் சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே நுழைக்காமல், திருகல் வந்தவுடன் விட்டுவிடத் தயாராக லேசாகப் பிடிப்பதுதான் ஒரே வழி. மற்றவர்கள் உயிர்காப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு நடுப்பகுதியில், தாழ்வாக, எதையாவது பிடித்தபடி உட்கார வேண்டும். மோதலின் வேகத்தில் படகே சுழலும். வீடியோ எடுக்க ஓரத்துக்குப் போய் விழுந்தால், ஓர்கா ஒன்றும் செய்யாவிட்டாலும் கடல் சும்மா விடாது.

ஒருவர் உள்ளே போய்ச் சுக்கான் தண்டு நுழையும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். படகு பிழைக்குமா என்பது அந்த ஒரு அடி இடத்தில்தான் தெரியும். திசை மட்டும் போச்சு, தண்ணீர் வரவில்லை என்றால் ரேடியோவில் 'பான்-பான்' அழைப்பு. தண்ணீர் ஏறுகிறது என்றால் யோசிக்காமல் 'மேடே'. தண்ணீர் முழங்கால் வரை வந்த பிறகு கூப்பிடலாம் என்று காத்திருக்கக் கூடாது. பேட்டரி மூழ்கினால் ரேடியோவும் போய்விடும். விரிசலை அடைக்கத் துணி, மெத்தை, மரக்கட்டை, நல்ல பம்ப், கைக்கு எட்டும் இடத்தில் உயிர்காப்பு மிதவை எல்லாம் கிளம்பும்போதே தயாராக இருக்க வேண்டிய பொருட்கள்.

பட்டாசு, மணல், ஹெவி மெட்டல்!

பயந்த மனிதர்கள் செய்யாத வித்தை இல்லை. ஓர்காவை விரட்டும் என்று நம்பி ஹெவி மெட்டல் பாட்டுத் தொகுப்பே உருவாக்கினார்கள். 2023-ல் ஒரு படகு அதைத் தண்ணீருக்கடியில் ஸ்பீக்கர் வைத்து ஒலிக்கவிட்டது. ஓர்காக்கள் வந்து சுக்கானை உடைத்துவிட்டுப் போயின. ரசனை ஒத்துப்போகவில்லை போல. இரும்புக் குழாயைத் தட்டுவது, படகைப் பின்னோக்கி ஓட்டுவது, எதிரொலியைக் குழப்ப மணலைக் கொட்டுவது என்று பலவும் முயன்றார்கள். சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. பின்னோக்கி ஓட்டும்போது சுக்கானின் மேல் விசை கூடும், அதனாலேயே சேதமாகலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு.

பட்டாசு வீசுவது, டீசல் ஊற்றுவது இரண்டும் சட்டவிரோதம். ஸ்பெயினில் 2007-ம் ஆண்டு ஆணைப்படி திமிங்கல இனங்களுக்கு 60 மீட்டருக்குள் போவதற்கே கட்டுப்பாடு உண்டு. 2023 ஆகஸ்டில் தரீஃபா அருகே ஒரு படகில் இருந்து ஓர்காக்களை நோக்கிச் சுடுவது போன்ற வீடியோ வெளியாகி விசாரணை வரை போனது.

படகுக்காரரின் கோபம் புரியாமல் இல்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய படகு கண்முன்னே மூழ்கினால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பது எத்தனை என்று பார்க்க வேண்டும். ஐபீரிய ஓர்காக்கள் மொத்தமே 50-க்கும் குறைவு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2019-ல் இவற்றை 'மிக மோசமாக அழியும் ஆபத்தில் உள்ளவை' பட்டியலில் சேர்த்தது. ஒரு குட்டியைப் பெண் ஓர்கா சுமார் 17 மாதம் சுமக்கிறது. அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு பெண் ஓர்கா குண்டடி பட்டுச் செத்தால் இந்தக் கூட்டத்துக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. படகுக்காரருக்கும் லாபம் இல்லை. பட்டாசு சத்தத்தில் மிரண்ட 4 டன் விலங்கு படகுக்கடியில் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

இதற்கு நடுவில் படகையே மாற்றும் யோசனையும் இருக்கிறது. சுக்கானின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக, முண்டும் முடிச்சுமாக ஆக்கினால் ஓர்காவுக்கு அதைத் தொடப் பிடிக்காமல் போகலாம் என்று 2024 வல்லுநர் அறிக்கை சோதனைகளைப் பரிந்துரைத்தது. பொம்மையின் சுவையைக் கெடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம்ம பக்கக் கடலில் இந்த ஆபத்து உண்டா?

இலங்கைக் கடலில் ஓர்காக்கள் தென்பட்டதற்குப் பதிவுகள் இருக்கின்றன. ஆனால் சுக்கானை உடைக்கும் இந்தப் பழக்கம் எல்லா ஓர்காவுக்கும் உரியது அல்ல. ஐபீரியக் கூட்டத்தில் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டது. அந்தக் கூட்டத்திலும் எல்லாம் இதைச் செய்வதில்லை.

'ஒண்ணும் நடக்கலை' என்பதும் தகவல்தான்

நிறுத்துவதா ஓட்டுவதா என்ற கேள்விக்குப் பதில் இவ்வளவு தாமதமானதற்கு ஒரு காரணம், கையில் இருந்த தகவலின் தன்மை. சுக்கான் உடைந்தவர் புகார் கொடுப்பார். ஓர்காவே பார்க்காமல் ஜலசந்தியைத் தாண்டியவர் எதற்கு ஃபார்ம் நிரப்பப் போகிறார்? அவர் கரையோரம் போனாரா, ஆழ்கடலில் போனாரா, எத்தனை நாட் வேகம், பகலா இரவா என்ற விவரம் இல்லாமல், உடைந்த படகுகளை மட்டும் வைத்து எந்த உத்தி பலித்தது என்று சொல்ல முடியாது.

பிரிட்டனின் படகோட்டிகள் அமைப்பான 'குரூசிங் அசோசியேஷன்' அட்லாண்டிக் ஓர்கா பணிக்குழுவோடு சேர்ந்து இதற்காகவே இரண்டு படிவங்களை வைத்திருக்கிறது. ஒன்று, ஓர்காவிடம் மாட்டியவர்களுக்கு. இன்னொன்று, எதுவும் நடக்காமல் தாண்டியவர்களுக்கு. சுக்கான் எந்த வகை, அடியில் பூசிய பெயின்ட் என்ன நிறம், ஆட்டோ பைலட் ஓடியதா, எத்தனை மீட்டர் ஆழம், இன்ஜினா பாயா என்று கேள்விகள் நீளும். காடிஸிலோ லாகோஸிலோ பத்திரமாகக் கயிறு கட்டிய பிறகு, ஒரு காபி குடித்துக்கொண்டே அந்த இரண்டாவது படிவத்தை நிரப்பி அனுப்புங்கள் என்பதுதான் அவர்கள் மாலுமிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்பது.